ரங்கா கார்டன், கிழக்கு மூலை

கேதத்துக்கு வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார்கள், அல்லது பேசாமலே இருப்பார்கள், பிறகு எழுந்து நடந்துவிடுவார்கள். 'வர்றேன்' என்று சொன்னால் அந்த வீட்டு இன்னொரு சாவுக்கும் வருவேன் என்று ஆகிவிடும். ரங்கா கார்டனின் எண்பத்திரண்டு வீடுகளில் இது தெரியாதவர்கள் குறைவு. ஆறுமுகசாமிக்கோ மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். நகரில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும் பந்தலுக்குச் சொல்வதிலிருந்து வண்டி பிடிப்பது வரை முன்னால் நிற்கிற ஆள் அவர். குடியிருப்போர் நலச்சங்கத்துக்குத் தொடக்கத்திலிருந்தே தலைவர்.

அவர்தான் அந்த ஐப்பசித் திங்கட்கிழமை ஜெயபாரதியின் வீட்டுப் படி இறங்கும்போது, "அப்ப வர்றனுங்க அம்மிணி" என்றார்.

ஜெயபாரதி கதவைப் பிடித்தபடி நின்றாள். மகுடேஸ்வரன் இறந்து அன்றைக்கு முப்பத்தெட்டாவது நாள். ஆறுமுகசாமி வந்தது மூன்றாம் தடவை. முதல் தடவை கமிட்டிக்காரர்கள் எல்லாரோடும் வந்து பிளாஸ்டிக் சேரில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லாமல் போனார். இரண்டாம் தடவை தனியாக வந்தார். தண்ணீர் கேட்டார். அவள் சொம்போடு திரும்பியபோது புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று, அட்டைகளின் முதுகைத் தலை சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் சொல்லாமல்தான் போனார். இன்றைக்குத்தான் வாய் தவறியிருக்கிறது. கேதம் விசாரிக்க வந்தவருக்கு வாய் தவறாது. வேறு சோலியாக வந்தவருக்குத்தான் தவறும் என்று அவளுக்குத் தோன்றியது.

வந்த சோலியையும் அவர் ஒளிக்கவில்லை.

"சங்கத்துக்கு இந்த வருசம் வெள்ளி விழாவுங்க. மகுடு சொல்லியிருப்பாப்ல."

"சொல்லீட்டிருந்தாருங்க."

"ஒரு மலர் போடறோம். தோட்டமா இருந்ததுலருந்து நகரு உருவான கதை அம்புட்டும் அதுல வருது. மொதப் பக்கத்துல நம்ம மகுடு படந்தான். பார்க்குக்கும் அவரு பேரையே வெச்சரலாம்னு கமிட்டில சொல்லீட்டாங்க."

"அவருக்கு அதெல்லாம் புடிக்காதுங்களே."

"புடிக்காதுன்னா உட்ருவமுங்களா? இருவத்திரெண்டு வருசம் செகரட்ரியா இருந்த மனுசன். எதுத்து நிக்க ஒருத்தன் வந்ததில்லை." ஆறுமுகசாமி டீயை ஒரு வாய் குடித்தார். "அதுக்குப் பழைய மினிட் புக்கு வேணுமுங்க. மூணாவது புக்கு. ரெண்டாயிரத்தேழுலருந்து பதினொண்ணு வரைக்கும்."

"மூணாவது மட்டுமுங்களா?"

"எல்லாமுந்தான். மூணாவது மொதல்ல."

"நகரு உருவான கதைக்கு மொதப் புக்குத்தானுங்களே வேணும்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். டீ பாதி இருந்தது. "அது ஆபீஸ்ல கெடக்குதுங்க. மூணாவதுதான் காணம். தேடிப் பாருங்க. ஞாயித்துக்கெழமை பொதுக்குழு. அதுக்குள்ள கெடைச்சாத் தேவலை. அந்தப் பாய் ஊட்டு மெசின் விசயத்தையும் அன்னிக்கு முடிச்சறோணும். ஆறு மெசின் ஓட்டறான். அந்த ஆட்டத்துல செவுரெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. அவன் செவுரு வெடிச்சா அவம்பாடு, பக்கத்துல சீனிச்சாமி ஊட்டுக்குமில்ல வருது."

"தையல் மெசினுக்குச் செவுரு வெடிக்குமுங்களா?"

"ஆறு மெசினுங்க அம்மிணி" என்றவர், கதவருகே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போதுதான் அந்த 'வர்றனுங்க'வைச் சொன்னார்.

மூன்றாவது புத்தகம் எங்கே இருக்கிறது என்று ஜெயபாரதிக்குத் தெரியும். வீட்டில் இருந்த மற்றவை அலமாரியில் இருக்க, அது மட்டும் அட்டாலியில், ஊத்துக்குளி நெய் வாங்கின பழைய டின்னுக்குள் இருந்தது. அதை அங்கே வைத்த அன்று மகுடேஸ்வரன் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "எலி கடிக்குது" என்றார். மற்ற புத்தகங்களை ஏன் எலி கடிக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவர் எதைச் சொன்னாலும் நம்புவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் எதையும் விடாமல் எழுதுகிற மனிதர்.

ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக முப்பது வருடம் இருந்தார். நூறு அடுக்குத் துணியை ஒரே வெட்டில் நூல் பிசகாமல் வெட்டுவார். இடது கையில் போடுகிற கம்பி வலைக் கையுறை இன்னும் நடையில் ஆணியில் தொங்குகிறது. சங்கத்துக் கூட்டம் முடிந்து வந்தால் அதே நிதானத்தோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தீர்மானங்களை எழுதுவார். அரிசிம்பருப்புச் சாதம் ஆறிப்போகும். 'திரு. சீனிச்சாமி அவர்களின் நாய் குறித்துப் பேசப்பட்டது. நாய் குறித்து முடிவு எட்டப்படவில்லை' என்று ஒருமுறை எழுதியிருந்ததைப் படித்து அவள் சிரித்தபோது, "பேசுனாங்களா இல்லையா? பேசுனா எழுதோணும்" என்றார். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்து மழை. நூர்ஜான் தலையில் முக்காட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு வந்தாள். நாலு வீடு தள்ளி, தெருவின் கிழக்கு முனையில் முப்பத்தொன்றாம் மனை அவர்களுடையது. அவள் புருசன் ராஜா முகமது அதே கம்பெனியில் டெய்லராக இருந்தவன். இப்போது வீட்டு முன்னறையில் ஆறு மெசின் போட்டு, கம்பெனிகளிடம் பீஸ் வாங்கித் தைத்துக் கொடுக்கிறான்.

"அக்கா, ஒரு நடை வந்து பாக்கறீங்களா. கை போகுதுங்க்கா செவுத்துக்குள்ள."

ஜெயபாரதி குடையை எடுத்துக்கொண்டு போனாள். மெசின்கள் துணி போட்டு மூடியிருந்தன. கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை கோணலாக ஒரு வெடிப்பு. பழைய பூச்சுகள் வரிவரியாகத் தெரிந்தன, ஒவ்வொரு வருடமும் ஒரு நிறம். ராஜா முகமது சுவரோரம் குந்தியிருந்தான்.

"இதப் பாருங்க்கா" என்று ஓரிடத்தைக் காட்டினான். பனியனில் ஒட்டுகிற அளவு ஸ்டிக்கர் ஒன்றை வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டியிருந்தான். எக்ஸ் இந்தப் பக்கமும் எல் அந்தப் பக்கமுமாக அது கிழிந்திருந்தது. "தீவாளிக்குப் பன்னெண்டு நாள் கம்பெனியெல்லாம் லீவு. பீஸ் வரலை, ஒரு மெசினும் ஓடலை. மச்சான் ஊட்டுக்குக் கெளம்பறப்ப ஒட்டிட்டுப் போனேன். வந்து பார்த்தா இப்படி. மெசின் ஆட்டத்துலன்னா ஓடாத மெசின் எப்புடிங்க்கா ஆடுச்சு?"

"இதக் கமிட்டில சொன்னீங்களா?"

"சொன்னேன். ஸ்டிக்கர நீயே கிழிச்சிருப்பேன்னாரு தலைவரு."

அவன் பெட்டியிலிருந்து நூல் சுற்றின ஒரு பாபினை எடுத்து டைல்ஸ் தரையில் வைத்தான். அது ஒரு கணம் யோசித்ததுபோல் நின்று, பிறகு தானாக உருண்டு கிழக்கு மூலைக்குப் போய் நின்றது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"அண்ணன் இருந்திருந்தா மழை விட்டொடனே சிமெண்டுச் சட்டியத் தூக்கிட்டு வந்திருப்பாரு" என்றாள் நூர்ஜான். "கொத்தனாரக் கூப்பிடறேன்னு சொன்னாலும் கேக்கமாட்டாரு. அவரே பூசிட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டுப் போவாரு. பாய்னு சொல்லி நாலு லேஅவுட்ல மனை இல்லைன்னுட்டாங்க. அண்ணந்தான் இங்க பேசிக் குடுத்தாரு. அவரு இல்லீன்னா நாங்க இன்னும் வாடகைக்கு லைன் ஊட்லதான் கெடந்திருப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவரு எதையும் எழுதி வெப்பாருங்களே. இந்த மண்ணு பத்தி எங்காச்சும் எழுதி வெச்சிருப்பாருங்களா?"

ஜெயபாரதிக்குச் சுருக்கென்றது. இவளும் புத்தகத்தைத்தான் கேட்கிறாள். ஒருவேளை எல்லாருக்கும் ஏதோ தெரிந்து, தனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று பட்டது. "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"செரிங்க்கா. எப்பவும்போலப் பொழுதோட தோசை கொண்டு வர்றேன்" என்றாள் நூர்ஜான். அவள் வாயிலிருந்து 'வர்றேன்' போகவே போகாது. எழவு வீட்டுக்கு வந்துபோன பதினாறு நாளும் படியிறங்கும்போது "வர்றேங்க்கா" என்றுதான் சொன்னாள். ஜெயபாரதியின் நாத்தனார் முகம் சுளித்தாள். ஜெயபாரதிக்கு அது ஆறுதலாகவே இருந்தது. அவள் நிஜமாகவே மறுபடியும் வந்தாள்.

மத்தியானம் கரண்ட் இல்லை. ஜெயபாரதி ஸ்டூலைப் போட்டு ஏறி நெய் டின்னை இறக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மேலே நாலைந்து வெள்ளைத் தாள்கள் மடித்துக் கிடந்தன. வெள்ளி விழா மலருக்காக மகுடேஸ்வரன் எழுதத் தொடங்கியது. 'நமது நகரின் வரலாறு' என்று தலைப்பு போட்டு அடியில் கோடு இழுத்திருந்தார். எட்டு ஏக்கர், கிட்டுசாமி தோட்டம். பருத்தி, சோளம், வேலி ஓரம் முருங்கை. கிட்டுசாமியின் மருமகன்தான் ஆறுமுகசாமி என்பதுவரை வந்திருந்தது. கிணற்றைப் பற்றி ஒரு பக்கம். சாயப்பட்டறைகள் பெருகிய காலத்தில் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாரம் ரோஸாகவும் ஒரு வாரம் நீலமாகவும் வந்ததாம். எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று கம்பெனிக்குப் போகாமலே என்னால் சொல்லிவிட முடியும் என்று கிட்டுசாமி சிரிப்பாராம். மாடு தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்ட வருடம் தோட்டத்தை மனை போட்டு, மனைவி ரங்காத்தாளின் பேரை வைத்தார். 'கிழக்கு மூலையில் இருந்த அந்தக் கிணறு' என்று எழுதியதோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு பேனாவை ஊன்றிய புள்ளி மட்டும் நீலமாக ஊறியிருந்தது.

புத்தகத்தைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கங்களில் பழைய பஸ் டிக்கெட்டுகளை அடையாளமாக வைத்திருந்தார்.

'14.10.2007. கிழக்கு மூலையில் உள்ள பாழ்கிணற்றில் கொசு அதிகம் இருப்பதாலும், குழந்தைகள் விளையாடுவதாலும், அதை மூடுவது என்று தீர்மானிக்கப்பட்டது. மண் கிடைப்பது சிரமமாக உள்ளதால், செயலாளர் பணிபுரியும் நிறுவனத்திலிருந்து கட்டிங் வேஸ்ட் பதினான்கு லோடு கொண்டுவந்து கொட்டி, மேலே நான்கு அடி செம்மண் இடுவது.'

அவளுக்கு அந்த வாரம் நினைவிருந்தது. வெள்ளையும் சிவப்பும் கறுப்புமாகத் துணித் துண்டுகள் தெருவெல்லாம் பறந்தன. எவ்வளவு கொட்டினாலும் தின்கிறது என்று டிரைவர்கள் சிரித்தார்கள். கடைசியில் நிறைந்தது. மேலே செம்மண் போட்டு, லாரியை ஏற்றி இறக்கி அமுக்கினார்கள். இந்த ஊரில் குழி என்றால் யாரும் வேஸ்ட்டைத்தான் கொட்டுவார்கள். காசு கொடுக்காமல் கிடைப்பது அது ஒன்றுதான். ஆனால் அது பருத்தி. தண்ணீரில் கிடந்தால் மக்கும், மக்கினால் அமுங்கும். கட்டிங் மாஸ்டருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு டிக்கெட் அந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் இல்லை. இன்னும் அறுபது பக்கம் தள்ளி.

'6.3.2011. கிழக்கு மூலை இடத்தை மனை எண் 31 ஆகத் தலைவர் குடும்பத்தார் விற்பதற்கு ஆட்சேபணை இல்லை. நகரில் உள்ளவர்கள் யாரும் அம்மனையை வாங்க முன்வராததால், செயலாளர் சிபாரிசு செய்யும் திரு. ராஜா முகமது என்பவருக்குத் தரலாம் என ஏற்கப்பட்டது. கிணறு இருந்த விபரத்தை அவரிடம் பேசுவதில்லை என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.'

கீழே எட்டுக் கையெழுத்து. கடைசியில் மகுடேஸ்வரனுடையது, எப்போதும்போல் அடியில் இரண்டு புள்ளியோடு.

பேசுவதில்லை என்று பேசியதையும் எழுதி வைத்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அந்த ஒரு வரியை விட்டிருப்பார்கள்.

மழைத் தண்ணீர் வீட்டுப் பின்னால் பொடக்காலித் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. ஞாயிறு தவறாமல் அவர் சிமெண்டுச் சட்டியோடு அந்த வீட்டுக்குப் போவதை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பாள். சட்டையை முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறாள். சிமெண்டு வாசம்தான் வரும். கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இரண்டு வருடம் அப்படிக் கழிந்தது. பிறகு நூர்ஜானோடு பழக்கமாகி அது தானாகத் தேய்ந்தது. தான் சந்தேகப்பட்டது சரிதான், என்னவென்பதில்தான் பிசகிவிட்டது என்று இப்போது நினைத்தாள். அவர் அந்த வீட்டுக்கு எதையோ மறைக்கத்தான் போயிருக்கிறார்.

சனிக்கிழமை விடியக்காலையில் ஆறுமுகசாமி போன் செய்தார்.

"கெடைச்சுதுங்களா அம்மிணி?"

"கெடைச்சுதுங்க."

"படிச்சீங்களா?"

"படிச்சனுங்க."

"அப்ப உங்களுக்கே தெரியும். எட்டுப் பேர்ல ஆறு பேரு ஊட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. நானு இருக்கறேன். மகுடு போயிட்டாப்ல. எழுத்து அவரு எழுத்து, வேஸ்ட்டு அவரு கம்பெனி வேஸ்ட்டு, ஆளும் அவரு கூட்டியாந்த ஆளு. எனக்கென்னுங்க, நானு சொல்லிச் சமாளிச்சுக்குவேன். செத்த மனுசன எதுக்குங்க சந்திக்கு இழுக்கோணும்? பார்க்குக்குப் போர்டு எழுதக் குடுத்தாச்சு. நீங்க எதுக்கு அலையறீங்க, பையன அனுப்பறேன், குடுத்துருங்க."

"பையன அனுப்ப வேண்டாமுங்க. நானே கொண்டாறேன்."

"நீங்க எங்கீங்க வருவீங்க, இன்னம் மூணு மாசமாகலீங்களே."

"நானே கொண்டாறனுங்க" என்று வைத்துவிட்டாள்.

சங்கத்துக் கட்டடம் பார்க் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஞாயிறு காலை நாற்பது பேர் போல இருந்தார்கள். ஜெயபாரதி உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. துக்க வீட்டுப் பெண் மூன்று மாதம் ஆகாமல் நாலு பேர் கூடும் இடத்துக்கு வருவதில்லை. யாரோ ஒரு சேரை நகர்த்திப் போட்டார்கள். சுவரோரம் ராஜா முகமதுவும் நூர்ஜானும் நின்றிருந்தார்கள். அவர்களுக்குச் சேர் போட்டிருக்கவில்லை, அல்லது அவர்கள் உட்காரவில்லை. ஆறுமுகசாமி அவளைப் பார்த்துத் தலையசைத்து, புத்தகம் இருந்த மஞ்சப்பைக்காகக் கையை நீட்டினார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பொறுப்புச் செயலாளர் சீனிச்சாமி தாளை எடுத்துப் படித்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், இங்கே வந்து பத்து வருடம். "மனை எண் முப்பத்தொண்ணுல ஓடுற மெசின்களால அதிர்வு ஏற்பட்டு, பக்கத்து வீடான எங்க வீட்டுக்கும் சேதாரம் வர்றதால, அந்த மெசின்களை ஒரு மாசத்துக்குள்ள அப்புறப்படுத்தணும்னு தீர்மானம். யாருக்கும் ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"எனக்கு இருக்குதுங்க" என்றாள் ஜெயபாரதி.

"அக்கா, உங்க பேருல ஓட்டு மாத்தலையே இன்னும்."

"ஓட்டுப் போடலீங்க. பழைய தீர்மானம் ஒண்ணு இருக்குது, அதப் படிச்சிட்டு உக்காந்துக்கறேன்."

"அம்மிணி, அத அப்பறம் பாக்கலாம்" என்றார் ஆறுமுகசாமி.

அவள் புத்தகத்தை எடுத்துவிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கங்களையும் படித்தாள், தேதியோடு. குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. கடைசியில் எட்டுப் பேருடைய பெயரையும் படித்தாள். எட்டாவது பெயரைப் படிக்கும்போது மட்டும் ஒரு மூச்சு நேரம் நின்றாள். 'செயலாளர், கே. மகுடேஸ்வரன்.'

முதலில் பேசியது சீனிச்சாமிதான். "அண்ணே, அப்ப எங்க வீட்டுச் சுவரு எது மேல நிக்கிது? சொல்லவே இல்லையேண்ணே நீங்க."

"அது அப்பத்த கமிட்டி, சீனி."

"அப்பவும் நீங்கதானேண்ணே தலைவரு."

ஆறுமுகசாமி அவரை விட்டுவிட்டு ஜெயபாரதியிடம் திரும்பினார். "உங்கூட்டுக்காரரு எழுதுனதுதானுங்களே அது? அவரு பேர நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே."

"ஆமாங்க. அவரு எழுத்துத்தான். பேசுனா எழுதோணும்னு சொல்லுவாரு. எழுதி வெச்சா யாராச்சும் படிக்கோணுமில்லைங்க."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து தன் மனையின் எண்ணைச் சொல்லி, அதற்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அதோடு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ராஜா முகமது அவளருகே வந்து நின்றான்.

"அண்ணனுக்குத் தெரியுமாக்கா?" என்றான். படித்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இருந்தும் கேட்டான்.

"தெரியும்."

"நான் மனை பாக்க வந்த அன்னிக்கே?"

"அன்னிக்கே தெரியும், ராஜா."

அவன் தலையாட்டினான். அவள் புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தாள். நூர்ஜான் சுவரைவிட்டு நகரவில்லை, முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெயபாரதி அவள் பக்கம் போகலாமா என்று நினைத்து, போகாமல், சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கிடையில் வெளியே வந்துவிட்டாள்.

அன்று பொழுது சாய்ந்தும் தோசை வரவில்லை. திங்களும் செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை ஒரு இன்ஜினியர் வந்து முப்பத்தொன்றாம் மனைத் தரையில் இரண்டு டைல்ஸை உடைத்துக் கம்பியை இறக்கிப் பார்த்ததாகவும், கம்பி நுனியில் சிவப்புத் துணிக் கந்தல் ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் பால்காரர் சொன்னார். மத்தியானம் ஒரு டெம்போ மெசின்களை ஏற்றிக்கொண்டு வேலம்பாளையம் பக்கம் போயிற்று. மறுபடியும் லைன் வீடுதான். பார்க்கில் போர்டு வைக்க நட்டிருந்த இரண்டு இரும்புக் குழாய்கள் அப்படியே நின்றன.

வியாழக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு நூர்ஜான் வந்தாள். புத்தகத்தைப் பனியன் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கேதத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். மற்ற நாளில் அடுப்படிக்கே வருகிறவள்.

"ஜெராக்ஸ் எடுத்தாச்சு. வக்கீல்ட்டக் குடுத்திருக்கு" என்றாள்.

"எனக்குத் தெரியாது நூர்ஜான்."

"தெரியுங்க்கா."

எதைத் தெரியும் என்கிறாள் என்று ஜெயபாரதி கேட்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நூர்ஜான் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூசிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் அவருக்காக துவா செஞ்சிருக்கேங்க்கா. நல்லா இருக்கோணும்னு." டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "மெய்யாலுமே செஞ்சேன்" என்றாள்.

நடையில் கம்பி வலைக் கையுறை ஆணியில் தொங்கியது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

நூர்ஜான் டீயை முழுவதும் குடித்தாள். டம்ளரைக் கழுவப் போகவில்லை, சேருக்கடியில் வைத்தாள். எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஜெயபாரதியும் எழுந்து கதவுவரை பின்னால் போனாள். நூர்ஜான் ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படியில் செருப்பை மாட்டுவதற்காக நின்றாள். எப்போதும் அந்த இடத்தில்தான் திரும்பிப் பார்த்துச் சொல்வாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, சத்தம் வராமல் மூடிவிட்டுப் போனாள்.